மழைமானியும் மனுவும்

கேரளம் முழுவதும் மழை நாடு என்று நம்புகிறவர்கள் ஒரு மே மாதத்தில் வேலந்தாவளம் வந்து பார்க்க வேண்டும். கோவை மாவட்டத்தைத் தாண்டிச் செக்போஸ்டைக் கடந்தால் பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டம். மாநிலத்தின் பெயர் மாறுகிறது. பேச்சும் மண்ணும் தண்ணீர்க் கவலையும் அப்படியே தொடர்கின்றன. கேரளத்தின் ஆண்டுச் சராசரி மழை 3,000 மில்லிமீட்டரை ஒட்டியது. வடகரப்பதி, எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறைப் பஞ்சாயத்துகளில் அதில் பாதிகூட விழுவதில்லை. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் கணக்கெடுப்புகளில் சித்தூர் பிளாக், ஊறுவதைவிட அதிகமாக உறிஞ்சப்படும் பகுதி என்று பல ஆண்டுகள் பதிவாகியிருக்கிறது. கேரளத்தின் கள்ளுக்கடைகளுக்குக் கள் அனுப்பும் தென்னந்தோப்புகளும், சந்தைக்குப் போகும் காய்கறித் தோட்டங்களும், வீட்டுக் குடங்களும் ஆழ்குழாய்க் கிணறுகளையே நம்பியிருக்கின்றன. மூலத்தறை வலதுகரைக் கால்வாயை வேலந்தாவளம் வரை நீட்ட வேண்டும் என்பது இங்கே ஒரு தலைமுறையின் கோரிக்கை.

வெயிலும் ஏறிக்கொண்டே போகிறது. 2016 ஏப்ரலில் மலம்புழையில் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டியது. அதே ஆண்டு அக்டோபரில் கேரளத்தின் 14 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. 2024 ஏப்ரல் இறுதியில் பாலக்காட்டுக்கு வானிலைத் துறை வெப்ப அலை எச்சரிக்கை விடுத்தது. கோடையில் வெட்டவெளி வேலைக்கு நண்பகல் இடைவேளை கட்டாயம் என்று தொழிலாளர் துறை ஆண்டுதோறும் உத்தரவிடும் அளவுக்கு நிலைமை வந்துவிட்டது.

இந்த மண்ணில் பிளஸ் டூ முடித்த ஒரு தமிழ்ப் பெண்ணோ பையனோ காலநிலை மாற்றத்துக்கு எதிராக ஏதாவது செய்ய நினைத்தால் எங்கே போவது? என்ன வழிகள் இருக்கின்றன? வழிகள் நிறைய இருக்கின்றன. அவற்றுள் பல பக்கத்திலேயே இருக்கின்றன. ஆனால் அவற்றின் பெயர்ப்பலகைகள் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இருப்பதால் எல்லைத் தமிழ்ப் பிள்ளைகளில் பலர் அவற்றைக் கடந்து போய்விடுகிறார்கள். அந்தக் கதவுகள் எவை, அவற்றைத் திறக்க எது வேண்டும் என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

பிளாச்சிமடையின் பாடம்

வேறெங்கும் போய்த் தேட வேண்டாம். இதே சித்தூர் வட்டத்தின் பெருமாட்டி பஞ்சாயத்தில் பிளாச்சிமடை இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு அங்கே கோகோ கோலா ஆலை இயங்கத் தொடங்கியது. சில மாதங்களிலேயே சுற்றுவட்டாரக் கிணறுகளில் நீர் இறங்கியது. மிஞ்சிய நீர் குடிக்கவும் சமைக்கவும் உதவாமல் போனது என்று மக்கள் முறையிட்டார்கள். 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் இருந்தவர் எரவாளர் பழங்குடியைச் சேர்ந்த மயிலம்மா. பள்ளிப்படிப்பு வாய்க்காத அந்தப் பெண்ணின் சொல்லைக் கேட்க உலகின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். 2007 ஜனவரியில் அவர் இறந்தார். அவர் வாழ்க்கையை ஜோதிபாய் பரியாடத்து மலையாளத்தில் எழுதினார்; அது தமிழிலும் வந்திருக்கிறது. எல்லைப்புறப் பள்ளி நூலகம் ஒவ்வொன்றிலும் அந்தப் புத்தகத்தின் ஒரு படி இருக்க வேண்டும்.

பிளாச்சிமடையைப் பந்தல் போராட்டமாக மட்டும் நினைவில் வைத்துக்கொள்வது போதாது. அங்கே மூன்று வேலைகள் ஒன்றாக நடந்தன. மக்கள் வாசலில் அமர்ந்திருந்தார்கள். 2003 ஏப்ரலில் பெருமாட்டி பஞ்சாயத்து ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. ஒரு கிராமப் பஞ்சாயத்தின் கையில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பது அன்று நாட்டுக்கே தெரிந்தது. அதே ஆண்டு, உரம் என்று சொல்லி விவசாயிகளுக்குக் கொடுக்கப்பட்ட ஆலைக் கழிவின் மாதிரியை பிபிசி வானொலி இங்கிலாந்தின் எக்ஸீட்டர் பல்கலைக்கழகத்தில் சோதிக்கச் செய்தது. ஈயமும் காட்மியமும் இருந்தது வெளிவந்தது. கிணற்றடியில் பெண்கள் அதுவரை சொல்லிவந்ததற்கு இப்போது ஆய்வறிக்கையின் பலமும் சேர்ந்துகொண்டது.

2003 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தின் ஒரு நீதிபதி அமர்வு, நிலத்தடி நீர் பொதுச்சொத்து, அதைக் காக்கும் பொறுப்பு அரசுக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. 2005-இல் இரு நீதிபதி அமர்வு அந்தத் தீர்ப்பை மாற்றி, நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் வரை எடுக்கலாம் என்றது. ஆனாலும் ஆலை மீண்டும் ஓடவில்லை. 2010-இல் அரசின் உயர்நிலைக் குழு இழப்பை 216.26 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. 2011-இல் இழப்பீட்டுத் தீர்ப்பாய மசோதாவைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை, இழப்பீடும் வரவில்லை. வெற்றிக்குப் பிறகும் இத்தனை ஆண்டு அலைய வேண்டியிருக்கிறது என்பதைச் சூழல் பணிக்கு வரும் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

தண்ணீர் யாருக்கு என்ற கேள்வி இன்னும் முடியவில்லை. 2025 ஜனவரியில் பக்கத்து எலப்புள்ளியில் மதுபான ஆலைத் திட்டத்துக்கு மாநில அமைச்சரவை ஒப்புதல் தந்ததும் எழுந்த முதல் கேள்வி, இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதுதான். அதற்குப் பதில் தேட ஊருக்குத் தன் கிணறுகளின் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். பருவமழைக்கு முன்னும் பின்னும் கிணற்று நீர்மட்டத்தை அளந்து எழுதிய நோட்டு நம் ஊர்களில் எத்தனையில் இருக்கிறது?

காகிதம் எந்த மொழியில் வருகிறது

மேற்குத் தொடர்ச்சி மலையைப் பற்றி சூழலியலாளர் மாதவ் காட்கில் தலைமையிலான குழு தன் அறிக்கையை 2011 ஆகஸ்டில் மத்திய அரசிடம் கொடுத்தது. அரசு அதை வெளியிடவில்லை. கேரளத்தைச் சேர்ந்த ஒருவர் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டார். மத்தியத் தகவல் ஆணையம் வெளியிடச் சொன்னது. டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2012 மே மாதத்தில்தான் அறிக்கை வெளியே வந்தது. பத்து ரூபாய் கட்டணத்தில் எழுதப்படும் ஒரு மனு, ஒரு மலைத்தொடரின் எதிர்காலத்தைப் பற்றிய ஆவணத்தை அலமாரியிலிருந்து வெளியே கொண்டுவந்தது.

வந்த அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதைக் கிராம சபைகளோடு பேசி முடிவுசெய்ய வேண்டும் என்பது அதன் அடிப்படை. அந்த வரி மூணாறுக்கும் மறையூருக்கும் உடும்பன்சோலைக்கும் போய்ச் சேருவதற்குள், வீட்டைவிட்டு வெளியேற்றப் போகிறார்கள், மாடு வளர்க்க முடியாது, பட்டா கிடைக்காது என்ற பேச்சு போய்ச் சேர்ந்துவிட்டது. 2013-இல், அந்த அறிக்கையை மறுபரிசீலனை செய்த கஸ்தூரிரங்கன் குழுவின் பரிந்துரைகளை ஒட்டி இடுக்கி கொதித்தது. விவசாயிகளின் அச்சத்தில் நியாயமான பகுதியும் உண்டு. நிலப்பட்டா இல்லாமல் தலைமுறைகளாக உழைத்தவர்களுக்கு எந்த அரசு எல்லைக்கோடும் பயத்தையே தரும். ஆனால் அறிக்கையைப் படித்துவிட்டு எதிர்த்தவர்களும் ஆதரித்தவர்களும் மிகச் சிலர். ஆவணம் ஊரின் மொழியில் வராதபோது வதந்தி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

2020-இல் இந்த மொழிக் கேள்வி நாடு தழுவியதாக ஆயிற்று. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளை மாற்றும் வரைவை மத்திய அரசு ஆங்கிலத்திலும் இந்தியிலும் வெளியிட்டது. அதை அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் தரும்படி டெல்லி உயர் நீதிமன்றம் ஜூன் மாதம் உத்தரவிட்டது. அதற்கு முன்பே பல மாநிலங்களில் கல்லூரி மாணவர்கள் அந்த வரைவைத் தங்கள் மொழிகளில் சுருக்கி எழுதிப் பரப்பினார்கள். கருத்துகள் லட்சக்கணக்கில் அமைச்சகத்துக்குப் போயின. அந்த ஊரடங்குக் காலத்தில் வீட்டுக்குள்ளிருந்தே இளைஞர்கள் செய்த அரசியல் பணி அது. பலருக்கு அதுவே முதல் பணி.

எல்லைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு தனி வலிமை இருக்கிறது. வீட்டில் தமிழ், சந்தையில் இரண்டும், அலுவலகத்தில் மலையாளம் என்று வளர்ந்தவர்கள் அவர்கள். ஒரு மலையாள அரசாணையைத் தமிழில் நாலு பக்கமாகச் சொல்ல அவர்களால் முடியும். சென்னையிலோ திருவனந்தபுரத்திலோ உட்கார்ந்திருக்கும் எந்தச் சூழல் அமைப்பாலும் அவ்வளவு எளிதாக அதைச் செய்ய முடியாது. சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த்துறை இருக்கிறது. பட்ட வகுப்பு மாணவர்கள் ஒரு பருவத்துக்கு ஒரு சூழல் ஆவணத்தை மொழிபெயர்த்தால் சில ஆண்டுகளில் ஒரு நூலகமே உருவாகிவிடும்.

சட்டத்திலும் இதற்கு இடம் உண்டு. கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் பகுதியின் அரசு அலுவலகங்களுக்குத் தம் மொழியில் எழுதவும் அதே மொழியில் பதில் பெறவும் வழி செய்திருக்கிறது. இந்த உரிமையைக் கையாளக் கையாளத்தான் அது உயிரோடு இருக்கும்.

பெட்டிமுடியும் முண்டக்கையும்

2020 ஆகஸ்ட் 6 இரவு. மூணாறு அருகே ராஜமலை, நயமக்காடு எஸ்டேட்டின் பெட்டிமுடி டிவிஷன். மலை சரிந்து, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயங்களின் மேல் விழுந்தது. 70 பேர் இறந்தார்கள், நால்வரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. அவர்களில் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத் தமிழ்க் குடும்பங்கள். பலரின் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு பக்கம். மின்சாரமும் தொலைபேசியும் இல்லாததால் வெளியுலகுக்குச் செய்தி மறுநாள் காலையில்தான் தெரிந்தது.

செய்தி போய்ச் சேராத இந்த நிலைக்கு நேரெதிரான ஒரு முயற்சி வயநாட்டில் நடந்துவந்தது. அங்குள்ள ஹியூம் சூழலியல் மையம், மாவட்டம் முழுவதும் ஊர்மக்களின் வீடுகளிலும் தோட்டங்களிலும் மழைமானிகளை வைத்து நாள்தோறும் அளவுகளைச் சேகரித்துவந்தது. 2024 ஜூலை 30 அதிகாலையில் முண்டக்கை, சூரல்மலையில் நிலச்சரிவு நிகழும் முன்பே, மழை அளவு ஆபத்தான எல்லையைத் தொட்டுவிட்டது என்று அந்த மையம் அதிகாரிகளை எச்சரித்திருந்தது. அந்த எச்சரிக்கை உரிய நேரத்தில் உரிய நடவடிக்கையாக மாறவில்லை. கோட்டயம் மாவட்டத்தில் மீனச்சில் ஆற்றோரத்தில் 2018 வெள்ளத்துக்குப் பிறகு உருவான மழை, ஆற்றுநீர் கண்காணிப்பு வலையமைப்பில் பள்ளி மாணவர்களும் அளவெடுக்கிறார்கள். மேல்மலையில் எவ்வளவு பெய்தது என்பது சில மணி நேரத்துக்கு முன்பே கீழ்ப்பகுதி மக்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

காலநிலைப் பணியில் நுழைய நினைக்கும் ஓர் இளைஞருக்கு இதைவிடச் சிறந்த முதல் வேலையை என்னால் சொல்ல முடியவில்லை. செலவு குறைவு, கற்பதும் சுலபம். வெட்டவெளியில், மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் மழைமானியை வைக்க வேண்டும். தினமும் காலை 8.30 மணிக்கு அளவைப் படித்து எழுத வேண்டும். வானிலைத் துறையின் நேரமும் அதுதான். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் கனமழை, 115.6-ஐத் தொட்டால் மிகக் கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதி கனமழை. தோட்டங்கள் தங்கள் தேயிலைக் கணக்குக்காக நெடுங்காலமாக மழைப் பதிவேடு வைத்திருக்கின்றன. அந்தக் கணக்கு லயத்தில் தூங்குகிறவர்களின் கைபேசிக்கும் வர வேண்டும், தமிழில் வர வேண்டும். கேரளத்தில் புவியியல் பாடம் உள்ள இருநூறுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் சமக்ர சிக்ஷா திட்டத்தின்கீழ் வானிலை நிலையங்கள் வந்திருக்கின்றன. உங்கள் பள்ளியில் இல்லையென்றால் கேட்டு வாங்க வேண்டியதுதான்.

மரங்களைக் கவனிக்கும் ஒரு வழியும் உண்டு. சீசன்வாட்ச் என்னும் நாடு தழுவிய திட்டத்தில் மாணவர்கள் ஒரு மரத்தைத் தேர்ந்து வாரந்தோறும் அதன் தளிர், பூ, காய் நிலையைப் பதிகிறார்கள். அதில் மிக அதிகமான பதிவுகள் கேரளப் பள்ளிகளிலிருந்து வருகின்றன. விஷுவுக்கு முன்பே கொன்றை பூத்துவிடுகிறதே என்று பாட்டிமார் சொல்வதைப் பல ஆண்டுத் தரவாக மாற்றும் வேலை இது.

பஞ்சாயத்தின் உள்ளே

கேரளத்தில் கிராம சபை வார்டு வாரியாகக் கூடுகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்ட வேண்டும், வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்கினர் வந்தாக வேண்டும் என்பது சட்டம். 18 வயது நிறைந்து வாக்காளர் பட்டியலில் பெயர் வந்தவுடன் அங்கே எழுந்து பேசும் உரிமை வந்துவிடுகிறது. 18 ஆகாதவர்களுக்கு, மாநிலத்தின் மகளிர் குழு இயக்கமான குடும்பஸ்ரீயின் பாலசபை உண்டு. 18 முதல் 40 வயது வரையுள்ள இளம்பெண்களுக்கென 2021-இல் குடும்பஸ்ரீ துணைக் குழுக்களைத் தொடங்கியது. கடனும் சேமிப்பும் மட்டுமே பேசப்படும் இடமாக அந்தக் குழுக்கள் சுருங்கிவிட வேண்டியதில்லை.

ஒவ்வொரு பஞ்சாயத்திலும் 2002 பல்லுயிர்ச் சட்டத்தின்கீழ் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அது மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றைப் பராமரிக்க வேண்டும். ஊரின் மரம், மீன், நெல் ரகம், மூலிகை, குளம் எல்லாம் அதில் வர வேண்டும். எல்லைப் பஞ்சாயத்தின் பதிவேட்டில் நம் பெரியவர்கள் சொல்லும் தமிழ்ப் பெயர்களும், எரவாளர், இருளர், முதுவர் சொல்லும் பெயர்களும் ஏறியிருக்கின்றனவா என்று பார்ப்பது இளைஞர்களுக்கு ஒரு கோடை விடுமுறை வேலை. 2020-இல் உள்ளாட்சி அமைப்புகள் தயாரித்த பேரிடர் மேலாண்மைத் திட்டமும் பஞ்சாயத்து அலுவலகத்தில் இருக்கும். எந்த வீடுகள் ஆபத்தில், யாரைத் தூக்கிச் செல்ல வேண்டும், எந்தப் பள்ளி முகாமாகும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். 16 வயது முதல் சேரக்கூடிய ‘சன்னத்த சேனா’ தன்னார்வப் படையும் மாநில அரசு நடத்துவதுதான். பள்ளி, கல்லூரிகளில் மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் பூமித்ர சேனா மன்றங்கள் உண்டு; அவற்றுக்கு நிதியுதவியும் உண்டு. பெயர்ப்பலகையாக மட்டும் கிடக்கும் மன்றத்தை எழுப்ப ஓர் ஆர்வமுள்ள ஆசிரியரும் நாலு பிள்ளைகளும் போதும்.

பஞ்சாயத்து கேட்காவிட்டால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. கேரளமும் அதன் எல்லைக்குள்தான். 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரஞ்சித்சிங் வழக்கில், காலநிலை மாற்றத்தின் தீங்கிலிருந்து காக்கப்படுவது அரசமைப்பின் 14, 21-ஆம் பிரிவுகளில் அடங்கிய உரிமை என்று ஏற்றது. இனிமேல் எந்த மனுவிலும் அந்தத் தீர்ப்பைச் சுட்டலாம்.

படிப்பு, உதவித்தொகை, உலக மேடை

திருச்சூர் வெள்ளானிக்கரையில் கேரள வேளாண் பல்கலைக்கழகம் காலநிலை மாற்றத்துக்கென்றே கல்லூரி நடத்துகிறது. கோவையில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம், ஆனைகட்டியில் சாலிம் அலி பறவையியல் மையம், பீச்சியில் வன ஆராய்ச்சி நிலையம், கஞ்சிக்கோட்டில் ஐஐடி எல்லாமே ஒரு நாள் பயணத்துக்குள். தமிழ்நாடு அரசு முதலமைச்சரின் பசுமைப் புத்தாய்வுத் திட்டத்தை நடத்துகிறது. தேர்வானவர்கள் மாவட்ட நிர்வாகத்தோடு இரண்டாண்டு வேலை செய்கிறார்கள், மாத உதவித்தொகை உண்டு. பூவுலகின் நண்பர்கள் பல ஆண்டுகளாகத் தமிழில் சூழல் நூல்களும் இதழும் கொண்டுவருகிறார்கள். வாசிப்பு வட்டம் தொடங்க அதைவிட நல்ல இடம் இல்லை.

ஐநா காலநிலை மாநாடுகளில் இளைஞர்களுக்கு ‘யங்கோ’ என்ற அதிகாரபூர்வ அணி இருக்கிறது. மாநாட்டுக்கு முன் இளைஞர் மாநாடும் கூடுகிறது. திருவண்ணாமலை வினிஷா உமாசங்கர் சூரிய ஆற்றலில் ஓடும் இஸ்திரி வண்டியை வடிவமைத்து 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டில் பேசினார். ஒடிசாவின் காரியா பழங்குடியைச் சேர்ந்த அர்ச்சனா சோரெங் 2020-இல் ஐநா பொதுச்செயலரின் இளைஞர் ஆலோசனைக் குழுவுக்குத் தேர்வானார். காட்டோடு வாழும் சமூகங்களின் அறிவை ஆவணப்படுத்தியது அவரது பலம். இருவரும் உள்ளூர் வேலையோடு அந்த மேடைக்குப் போனவர்கள். பாஸ்போர்ட், ஆங்கிலம், விமானச் செலவு என்ற மூன்றும் ஏழைப் பிள்ளைகளைத் தடுக்கின்றன என்பதும் உண்மை. மேடை கிடைக்காத வருத்தத்தில் யாரும் இந்த வேலையைக் கைவிடக் கூடாது.

உள்ளூர் வேலைக்குப் பலன் தாமதமாகவும் வரலாம். குறிஞ்சியைக் காக்க வேண்டும் என்று 1989-இல் ஒரு சிறு குழு கொடைக்கானலிலிருந்து மூணாறுக்கு மலைவழியே நடந்தது. 2006-இல் வட்டவடை, கொட்டக்கம்பூர் பகுதியில் குறிஞ்சிமலைச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. பதினேழு ஆண்டு. அதே வட்டவடையில் கிராண்டிஸ் என்னும் யூக்கலிப்டஸ் மரங்கள் தண்ணீரைக் குடிப்பதும், காய்கறி விவசாயிகளின் பட்டாப் பிரச்சினையும் இன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அங்கே பேசப் போகும் இளைஞர் குறிஞ்சிக்காகவும் விவசாயிக்காகவும் சேர்த்தே பேச வேண்டும். ஒருவரை விட்டுவிட்டு மற்றவரைக் காக்க முடியாது.

துணை வேண்டும்

பேசுவதற்கு விலை உண்டு. 2021 பிப்ரவரியில் பெங்களூருவின் 22 வயது திஷா ரவி விவசாயிகள் போராட்டம் தொடர்பான ஓர் இணைய ஆவணத்துக்காகக் கைதானார். பத்து நாளில் ஜாமீன் கிடைத்தது. நகரத்துப் பெண்ணுக்கு வழக்கறிஞர்களும் ஊடகமும் உடனே வந்தார்கள். லயத்தில் வளரும் பிள்ளையின் நிலை வேறு. அந்த வீடு அம்மாவின் வேலையோடு பிணைக்கப்பட்டது. வேலை போனால் வீடும் போகும். தோட்டத்து நீரோடையைப் பற்றி மகன் எழுதிய மனு அம்மாவின் பெயருக்கு எதிராகத் திரும்பும் என்ற பயம் வீணான பயம் இல்லை. தோப்பில் கூலிக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுக்கும் இதே நிலைதான். அதனால் தனி ஆளாக மனு எழுதச் சொல்லி யாரையும் தூண்டிவிடக் கூடாது. மன்றத்தின் பெயரில், ஆசிரியர் துணையோடு, வார்டு மெம்பரின் கையெழுத்தோடு, பத்துப் பேராகப் போக வேண்டும். 2015-இல் மூணாறில் தேயிலைத் தோட்டப் பெண்கள் ‘பெம்பிளை ஒருமை’யாகத் திரண்டபோது அவர்களைக் காத்தது அவர்களின் எண்ணிக்கைதான்.

வடகரப்பதி, எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறை, வட்டவடை, தேவிகுளம் என எந்தப் பஞ்சாயத்தில் இருந்தாலும் அடுத்த கிராம சபைக்கு மூன்று கோரிக்கைகளை எழுதிக்கொண்டு போகலாம். பஞ்சாயத்தின் பேரிடர் மேலாண்மைத் திட்டமும் பல்லுயிர்ப் பதிவேடும் தமிழில் வேண்டும். பஞ்சாயத்துச் செலவில் வார்டுக்கு ஒரு மழைமானியும், ஆண்டுக்கு இருமுறை கிணற்று நீர்மட்ட அளவெடுப்பும் வேண்டும். அந்த அளவுகள் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் மலையாளத்திலும் தமிழிலும் எழுதப்பட வேண்டும். கோரிக்கை நடவடிக்கைக் குறிப்பில் ஏறியதா என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். ஏறாவிட்டால் அந்தக் குறிப்பின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம், பதில் தர முப்பது நாள் அவகாசம்.